நடுநிலைப் பள்ளி நூலகத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டபோது, ஒரு பள்ளியில் என்னென்ன இருந்தே தீர வேண்டும் என்பதை அதன் இணைப்பு அட்டவணை வரையறுத்தது. எந்தப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், குடிநீர், சிறுவர் சிறுமியர்க்குத் தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றோடு, நாளிதழும் இதழ்களும் கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் கொண்ட ஒரு நூலகமும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது அந்த அட்டவணை. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் படித்தால், அப்பள்ளிக்கு முழுநேரத் தலைமை ஆசிரியரையும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களையும் அது விதிக்கிறது. ஆனால் நூலகத்தின் கதவைத் திறந்து, நூல்களை அடுக்கி, குழந்தையின் கையில் ஒன்றைக் கொடுத்து, அது திரும்பி வரும்போது அடுத்ததைப் பரிந்துரைக்க வேண்டிய ஆளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தமிழ்நாட்டின் நடுநிலைப் பள்ளி நூலகங்கள் பலவும் இன்று இருக்கும் நிலையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விடுபடலிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் கொண்ட பள்ளியே நடுநிலைப் பள்ளி எனப்படுகிறது. அதன் மேற்பகுதியான 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகள், ஏறத்தாழ 11 வயது முதல் 13 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியவை. வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து 1983-இல் நூலாக எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால், முதல் மூன்று வகுப்புகளை வாசிக்கக் கற்கும் காலமாகவும், அதன் பிந்தைய ஆண்டுகளை வாசித்துக் கற்கும் காலமாகவும் வேறுபடுத்தினார். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் பலரும், நான்காம் வகுப்பை ஒட்டிப் பாடநூலின் சொற்கள் அன்றாடப் பேச்சிலிருந்து விலகத் தொடங்கும்போது தேங்கிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டறிந்தவற்றுள் முக்கியமானது. தமிழில் இந்தத் தேக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். வீட்டில் ஒரு வடிவத்தையும் புத்தகத்தில் மற்றொரு வடிவத்தையும் எதிர்கொள்ளும் குழந்தை, ‘இறையாண்மை’, ‘நிலவுடைமை’, ‘தொல்லியல்’ போன்ற சொற்கள் வரிசையாக வரும் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்துக்குள் நுழையும்போது, எழுத்துத் தமிழோடு அதற்கு முன்பே நெடுநாள் பழகியிருந்தால் மட்டுமே திணறாமல் நடக்க முடியும். அந்தப் பழக்கம் இலக்கணப் பயிற்சியால் வருவதில்லை. விருப்பத்தோடு படித்த ஏராளமான பக்கங்களால் வருவது.

அரசின் கவனமோ இந்த வயதின் இரு பக்கங்களிலும்தான் குவிந்திருக்கிறது. முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து பொதுத்தேர்வின் நெருக்கடி தொடங்கிவிடுகிறது. அடிப்படை எழுத்தறிவும் பெற்றுவிட்ட, தேர்வு அச்சமும் இன்னும் பற்றிக்கொள்ளாத இந்த இடைப்பட்ட மூன்று ஆண்டுகள்தான் ஒரு மனிதர் வாழ்நாள் வாசகராவதற்கு வாய்ப்பு மிகுந்த காலம் என்பதைக் கல்வித் திட்டங்கள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

பள்ளி நூலகத்தின் குறைகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1953-இல் அளித்த அறிக்கையில் பள்ளி நூலகங்களைப் பற்றி மிகக் கடுமையாகவே எழுதியது. பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இருக்கும் நூல்களும் பழையவை, மாணவரின் வயதுக்கும் விருப்பத்துக்கும் பொருந்தாதவை. அவையும் இடவசதி போதாத அறையில் சில அலமாரிகளில் கிடக்கின்றன. பொறுப்பு ஓர் எழுத்தரிடமோ அக்கறையற்ற ஓர் ஆசிரியரிடமோ ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது அக்குழுவின் கருத்து. பள்ளியின் அறிவு வாழ்க்கைக்கு நூலகமே நடுமையமாக இருக்க வேண்டும் என்றும், அதற்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 70 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அறிக்கையின் குற்றச்சாட்டுகளில் பலவற்றை ஏதேனும் ஓர் ஊர்ப் பள்ளியின் முன் நின்று அப்படியே திரும்பப் படிக்க முடிகிறது என்றால், அது வருந்தத்தக்க நிலை.

அதற்கும் முன்பே இதற்கான கோட்பாட்டைத் தமிழ் மண்ணிலிருந்து ஒருவர் உலகுக்குத் தந்திருந்தார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காக்க, நூலகம் வளரும் உயிரி என்பவை அவை. முதல் விதியை விளக்கும்போது அவர், இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்கள் இரும்புச் சங்கிலியால் அடுக்கோடு பிணைக்கப்பட்டிருந்த வழக்கத்தை நினைவூட்டுகிறார். நூலைக் காப்பதே நூலகத்தின் வேலை என்று கருதிய காலத்தின் சின்னம் அந்தச் சங்கிலி. இன்று பள்ளியின் தலைமை ஆசிரியர் அறையில் நிற்கும் இரும்பு பீரோவும் அதன் பூட்டும் அந்தச் சங்கிலி செய்த வேலையையே செய்கின்றன.

பூட்டுவதற்கு ஆசிரியரைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமாகாது. புத்தகம் ஒவ்வொன்றும் இருப்புப் பதிவேட்டில் எண்ணோடு ஏறுகிறது. தணிக்கையின்போது பதிவேட்டில் இருப்பது அலமாரியில் இல்லையென்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர்தான். கிழிந்த புத்தகத்துக்கும் தொலைந்த புத்தகத்துக்கும் கைப்பணத்தைக் கட்ட நேருமோ என்ற அச்சம் உள்ளவர், குழந்தையிடம் புத்தகத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பத் தயங்குவது இயல்பு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் இதற்கு நல்லதொரு வழியைக் காட்டுகின்றன. ஓராண்டில் வாசகர்க்கு வழங்கப்பட்ட அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்ட ஒவ்வோர் 1,000 நூல்களுக்கும் 5 நூல்கள் தொலைவதை, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதவரை, ஏற்கத்தக்க இழப்பாகக் கொள்ளலாம் என்பது அவ்விதி. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், அந்த அளவு இருப்பில் உள்ள நூல்களைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை, புழங்கிய நூல்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது என்பதாகும். நூல் எவ்வளவு அதிகம் புழங்குகிறதோ அவ்வளவு சலுகை கூடுகிறது. பெரியவர்கள் பயன்படுத்தும் அலுவலக நூலகங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்த விதியைவிடத் தாராளமான ஒன்றை, 11 வயதுக் குழந்தைகள் மழையிலும் வெயிலிலும் பையில் சுமந்து செல்லும் புத்தகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறை எழுத்து வடிவில் அறிவித்தால், பல பீரோக்கள் மறுநாளே திறந்துகொள்ளும். செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

அண்மை ஆண்டுகளில் நடந்த நல்ல பணிகளைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு ‘தேன்சிட்டு’ என்ற இதழைத் துறையே வெளியிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. வாசிப்பு இயக்கத்தின் கீழ், குழந்தையின் வாசிப்புத் திறனுக்கேற்ப ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நிலை பிரித்து அச்சிடப்பட்ட சிறு நூல்கள் பள்ளிகளுக்கு வந்தன. வயதை வைத்து அளக்காமல் திறனை வைத்து அளக்கும் அந்தப் பகுப்பு, ஏழாம் வகுப்பில் இருந்தும் தட்டுத்தடுமாறிப் படிக்கும் குழந்தையை அவமானப்படுத்தாமல் அரவணைக்கும் சிறந்த முயற்சி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு வழி செய்திருக்கிறது. கால அட்டவணையில் நூலகப் பாடவேளையும் இடம்பெறுகிறது. ஆக, நூலுக்கும் பணத்துக்கும் பாடவேளைக்கும் தாளில் இடம் கிடைத்துவிட்டது. இவற்றை இணைத்து இயக்க வேண்டியவரோ, கணக்கும் அறிவியலும் நடத்திக்கொண்டு, இணையத்தில் தகவல் பதிவேற்றிக்கொண்டு, கூடுதல் பொறுப்பாக நூலகத்தையும் சுமக்கும் ஓர் ஆசிரியர். முடியாத பாடப்பகுதி ஒன்று எப்போதும் மிச்சமிருப்பதால், வாரத்தில் முதலில் பலியாகும் பாடவேளை நூலகத்தினுடையதாகவே இருக்கிறது.

நூலகர் என்பவர் வருகைக் குறிப்பும் வழங்கல் பதிவேடும் எழுதுபவர் மட்டுமானால் அவர் இல்லாமலும் சமாளிக்கலாம். அரங்கநாதனின் இரண்டாம், மூன்றாம் விதிகள் அவரிடம் எதிர்பார்ப்பது வேறு: அவர் குழந்தையையும் அறிந்திருக்க வேண்டும், நூலையும் படித்திருக்க வேண்டும், இரண்டும் சந்திக்கும் தருணத்தை உண்டாக்கவும் வேண்டும். நடுநிலைப் பள்ளி வயதில் இந்தத் திறமைக்குத் தேவை அதிகம். படக்கதைகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கத் தொடங்கி, பெரியவர்களுக்கான நாவலில் இன்னும் நிலைகொள்ள முடியாமல் தவிக்கும் வயது அது. தமிழில் இந்த வயதுக்கென எழுதப்பட்டவை நெடுங்காலம் குறைவாகவே இருந்தன; ஜப்பானிய மொழியிலிருந்து வந்த ‘டோட்டோ-சான்’, சோவியத் பதிப்பகங்களின் மொழிபெயர்ப்புகள், ஆயிஷா நடராசனின் அறிவியல் எழுத்துகள் எனச் சிலவற்றையே ஆர்வமுள்ள ஆசிரியர்கள் மீண்டும் மீண்டும் கையில் எடுத்தார்கள். அந்த நிலை இப்போது மாறி வருகிறது. பாலியல் அத்துமீறலைக் குழந்தைக்குப் புரியும் விதத்தில் பேசி, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, கீழடியின் தொல்லியல் உலகத்தைச் சிறார் நாவலாக்கி 2023-ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ போன்றவை, 12 வயது வாசகரை மதித்து எழுதப்பட்ட நூல்கள். சிவகாசியிலிருந்து 1970-களில் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வரிசைகளுக்கும் பள்ளி அலமாரியில் தயக்கமின்றி இடம் தரலாம்; நீண்ட வாசிப்புக்குப் பழகாத சிறுவர்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வைத்ததில் அவற்றுக்கு உள்ள பங்கைப் பல தலைமுறை வாசகர்கள் அறிவார்கள். எந்தக் குழந்தைக்கு எதை, எப்போது, எதற்குப் பிறகு கொடுப்பது என்பதை முடிவுசெய்யும் அறிவைத்தான் எந்த மானியத்தாலும் அலமாரிக்குள் வாங்கி வைக்க முடியாது.

நூலகம் எந்தப் பாடத்துக்கு மிகவும் தேவை என்று கேட்டால், வரலாற்றுக்கு என்று தயங்காமல் சொல்லலாம். அறிவியலுக்கு ஆய்வகம் எப்படியோ வரலாற்றுக்கு நூலகம் அப்படி. சான்றுகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் இடம் இல்லாதபோது வரலாறு ஆண்டுகளின் மனப்பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வரலாற்றறிஞர்களிடமும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் ஒரே நிகழ்வைப் பற்றிய பல ஆவணங்களைக் கொடுத்து, அவர்கள் படிக்கும் முறையை ஒப்பிட்டார். அறிஞர்கள் ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குள் போகும் முன்பே அதை எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்று பார்த்தார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, இருப்பவற்றில் பாடநூல் பகுதியே மிகவும் நம்பத்தக்கது என்றார்கள். மூலத்தை அறிதல், காலச் சூழலில் பொருத்துதல், பிற சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் ஆகிய மூன்றையும் வரலாற்று வாசிப்பின் அடிப்படைகளாக அவர் வகுத்தார். ஒரே ஒரு நூல் மட்டும் உள்ள இடத்தில் இந்த மூன்றில் எதையும் பயிற்றுவிக்க முடியாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இந்தக் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது பணிக் குழுக்களுக்கு, உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் அம்முறையைப் பாடநூல்கள் சில வரிகளில் சொல்லிப் பழந்தமிழரின் மக்களாட்சி என்று பாராட்டி முடித்துவிடும். கல்வெட்டின் செய்தியை எளிய உரைநடையில் தரும் ஒரு நூல் மாணவியின் கையில் இருந்தால் கதை நீள்கிறது. 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள், இருந்தன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கும் சம்வத்சர வாரியம் எனப்பட்ட ஆண்டுக் குழுவுக்கும் தலா 12 பேர். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேத அறிவு வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், குறிப்பிட்ட முறையில் அவருக்கு உறவினரானவரும் நிற்க முடியாது.

இவ்வளவையும் படிக்கும் 12 வயதுக் குழந்தைகளிடமிருந்து தாமாகவே எழும் கேள்விகள் பல. கணக்குக் காட்டாதவரை விலக்கிய ஏற்பாட்டைப் பார்த்து அவர்கள் வியக்கலாம். அது உண்மையிலேயே வியப்புக்குரியது. நிலமில்லாதவர் யாருக்கேனும் அந்தக் குடத்தில் ஓலை இருந்ததா, பெண்களுக்கு இருந்ததா, பிராமணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரம்மதேய ஊரின் சபைக்கும் வேளாளர் ஊர்களின் அமைப்புக்கும் என்ன வேறுபாடு என்றும் அவர்கள் கேட்கலாம். பெருமிதமும் விசாரணையும் ஒரே வாசிப்பில் சேர்ந்து நிற்பது வரலாற்றுக் கல்வியின் முதிர்ந்த பயன். பாடநூலின் நான்கு வரிகள் பெருமிதத்தை மட்டுமே தர முடியும்.

ஊர் வரலாறும் இவ்வாறே நூலகத்தில் தொடங்கி வெளியே நடந்து, மீண்டும் நூலகத்துக்கு வர வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டில் ஏரிக்கரையின் தூம்பிலும் கோயில் சுவரிலும் வயல் நடுவே நிற்கும் நடுகல்லிலும், அதாவது போரிலோ ஆநிரை மீட்பிலோ இறந்த வீரனுக்கு எடுத்த கல்லிலும், எழுத்து இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தைச் சேர்ந்த மாணவ மாணவியர் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்று, தம் சுற்றுவட்டாரத்தின் தொல்லெச்சங்களைத் தேடி ஆவணப்படுத்தியது, அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு இது எட்டாத வேலை அல்ல என்பதைக் காட்டியது. கீழடியின் பானை ஓடுகளில் கீறப்பட்டிருந்த ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்களை, தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தின் அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பறை தானே கூட்டிப் படித்துவிட முடியும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா செல்லும் பள்ளி, அந்த எழுத்துகளை முன்கூட்டியே நூலகத்தில் பழகிவிட்டுச் சென்றால், கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது வெறும் ஓடாகத் தெரியாது. தொல்லெச்சம் கண்ணில் பட்டால் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கோ வருவாய்த் துறைக்கோ தெரிவிப்பதோடு நிறுத்த வேண்டும், தோண்டக் கூடாது என்ற ஒழுக்கத்தையும் அதே பாடத்தில் சொல்லித்தர வேண்டும்.

கல்வெட்டே இல்லாத ஊரிலும் வரலாறு உண்டு. பள்ளியில் ஒவ்வொரு நாளும் குழந்தைகள் உண்ணும் சோற்றுக்கே ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவியது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-இல் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. இந்த ஆண்டுகளை நூலில் பார்த்துக் குறித்துக்கொண்ட குழந்தை, தன் ஊரில் 1950-களிலும் 60-களிலும் பள்ளிக்குப் போன முதியவர்களிடம் சென்று, அன்று என்ன சமைத்தார்கள், யார் சமைத்தார்கள், எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்களா, சாப்பாடு இல்லாதிருந்தால் பள்ளிக்கு வந்திருப்பீர்களா என்று கேட்டு எழுதி வந்தால், அது வாய்மொழி வரலாறு. நினைவில் வாழும் செய்தியைக் கேட்டுப் பதிவுசெய்து, எழுத்துச் சான்றோடு ஒப்பிட்டு ஆராயும் முறைக்கு வரலாற்றறிஞர்கள் வைத்த பெயர் அது. பள்ளிக்கே போகாத ஒரு பாட்டியின் பதிலும் அங்கே சான்றாகிறது. அவர் ஏன் போகவில்லை என்பதே பதிவு செய்யத்தக்க பெரிய செய்தி. இந்தப் பதிவுகளைத் தைத்து, பதிவேட்டு எண் இட்டு, நூலக அலமாரியில் வைத்துவிட்டால், ஐந்தாறு ஆண்டுகளில் அந்தப் பள்ளியிடம் வேறு எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு தொகுப்பு உருவாகியிருக்கும்.

இத்தகைய பணிகளையே கல்வியியலில் செறிவூட்டல் செயல்பாடுகள் என்கிறார்கள். பாடத்திட்டத்தை விரைவாக முடிப்பதற்காகக் கூடுதல் பாடம் நடத்துவதிலிருந்து இது வேறுபட்டது. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1977-இல் முன்வைத்த மும்மை மாதிரி, செறிவூட்டலை மூன்று வகையாகப் பார்க்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத பல துறைகளைக் குழந்தைக்கு அறிமுகப்படுத்துவது முதல் வகை. ஒரு குயவரையோ கல்வெட்டு ஆய்வாளரையோ நூலகத்துக்கு அழைத்துப் பேச வைப்பது இதில் சேரும். குறிப்பெடுத்தல், பொருளடைவைப் பயன்படுத்தித் தேடுதல், நேர்காணல், வரைபடம் வரைதல் போன்ற திறன்களைப் பயிற்றுவது இரண்டாம் வகை. தானே தேர்ந்த ஓர் உண்மையான சிக்கலைத் தானே ஆராய்ந்து, மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு அப்பால் ஓர் உண்மையான அவையின் முன் வைப்பது மூன்றாம் வகை. ஊரின் ஏரிகளையும் குளங்களையும் பழைய பெயர்களோடு வரைபடமாக்கிக் கிராம சபையில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் முன்வைப்பது அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாக அமையும். மீத்திறன் மிக்க குழந்தைகளுக்கென உருவாக்கப்பட்ட இந்த மாதிரி பின்னர் முழுப் பள்ளிக்கும் விரிக்கப்பட்டது. அந்த விரிவே தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அறிவியல், கணிதச் சோதனைகளைப் பள்ளிகளுக்கே எடுத்துச் செல்கிறது. இலக்கிய மன்றம், சிறார் திரைப்படத் திரையிடல் ஆகியவையும் நடக்கின்றன. வானவில் மன்றத்தில் கண்ட சோதனையைப் பற்றி மேலும் படிக்கவும், திரையில் பார்த்த படத்தின் கதையை நூலாகத் தேடவும் குழந்தை வந்து நிற்கும் இடமாக நூலகம் அமைந்தால், தனித்தனித் தீவுகளாக நிற்கும் இம்முயற்சிகளுக்கு ஒரு பொது நிலம் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. செறிவூட்டல் என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் போட்டிகளாகவே முடிகின்றன: வாசிப்புப் போட்டி, வினாடி வினா, கட்டுரைப் போட்டி, பிறகு பரிசளிப்புப் படம். பரிசுக்கு எதிராகப் பேசுவது நோக்கமல்ல. ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் வெல்பவர் ஏற்கெனவே படிக்கத் தெரிந்த குழந்தைதான், தோற்றுத் திரும்புபவர் நூலகம் யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அந்தக் குழந்தைதான். படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுதித் தரச் சொல்வதும் இதே விளைவை உண்டாக்குகிறது. கதையின் முடிவில் வீட்டுப்பாடம் காத்திருக்கிறது என்று தெரிந்தால் கதையே தொடங்கப்படாது. நூலகப் பாடவேளையின் பெரும்பகுதி, எவரும் எதையும் கேட்காமல், ஆசிரியர் உட்பட எல்லோரும் தமக்குப் பிடித்ததைப் படிக்கும் நேரமாக இருக்க வேண்டும். வீட்டு வேலையில் மூழ்கிவிடும் சிறுமிகள் பலருக்கு நாள் முழுவதிலும் தமக்கெனக் கிடைக்கும் வாசிப்பு நேரம் அதுவாகத்தான் இருக்கும் என்பதால், அந்தப் பாடவேளையைப் பறிப்பது சிறு குற்றமன்று.

கைப்பேசியும் திறன் பலகையும் வந்துவிட்ட காலத்தில் அச்சு நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் பல்லாயிரம் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு உதவும் ஒன்றைத் தேர்ந்து, அச்செடுத்தோ திரையிலோ முன்வைக்க அங்கும் ஓர் ஆள்தான் வேண்டும்.

அந்த ஆளை நியமிப்பது நிதி நெருக்கடியில் உள்ள அரசுக்கு இயலுமா என்பதே கடைசியில் எஞ்சும் வினா. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு நூலகர் என்பது சிறந்தது. உடனடியாக நடக்கக்கூடியது அதுவன்று. பள்ளிகளை அருகருகே தொகுத்து அமைக்கப்பட்டிருக்கும் குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் நூலகவியல் படித்த ஒருவரை முழுநேரப் பணியில் அமர்த்தி, வாரத்தில் குறித்த நாளில் குறித்த பள்ளிக்கு அவர் செல்லும்படி செய்வது நடக்கக்கூடியது. 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற நடமாடும் நூலகம் தமிழ்நாட்டின் சொந்த முன்மாதிரி. சாலையும் பேருந்தும் உள்ள இன்று அதைச் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை. பள்ளிகளுக்குள் நூல்கள் சுழன்று வருவதால், ஒவ்வொரு பள்ளியும் சிறு மானியத்தில் ஒரே நூலை வாங்கும் வீணும் தவிரும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இதுதான். 1948-இல் வந்த அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்பட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்குச் செல்கிறது. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியின் குழந்தைகளைப் பள்ளி வழியாகவே உறுப்பினராக்கி, நூல்களை மொத்தமாக வழங்கித் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்குத் துறை ஆணை ஒன்று போதும். ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடும் கேரளத்தில் பி. என். பணிக்கர் வளர்த்த நூலக இயக்கம், ஊர் நூலகமும் பள்ளியும் கைகோத்தால் ஒரு சமூகத்தின் வாசிப்பு எவ்வளவு உயரும் என்பதை அண்டையிலிருந்தே காட்டுகிறது.

ஆணைகள் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் பெற்றோருக்கு இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். கட்டடமும் கழிப்பறையும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில், நூலக வழங்கல் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கடந்த மாதம் எத்தனை புத்தகங்கள் குழந்தைகளின் வீட்டுக்குச் சென்றன, நூலகப் பாடவேளை எத்தனை நடந்தது, தொலைந்த நூலுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று குழு தீர்மானம் எழுதித் தருமா என்ற மூன்று கேள்விகளையும் அடுத்த கூட்டத்தில் ஒரு தாயாவது எழுந்து கேட்க வேண்டும். குறுவள மையத்துக்கு ஒரு நூலகர் வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கூட்டத்தின் தீர்மானமாக எழுதித் துறைக்கு அனுப்ப வேண்டும்.